கிர்குர் நிற்கும் இடம்

ஸ்ப்ளிட்
17 சனவரி 1954

அன்புத் தம்பி யெர்கோவுக்கு,

கடவுள் புண்ணியத்தில் இங்கே ஒருவரும் படுக்கையில் இல்லை. நீயும் வின்காவும் அதுபோலவே இருக்க வேண்டும். பண்டிகைக்கு நீ அனுப்பிய கம்பளிச் சட்டை வந்தது. உன் அத்தான் ஷிமே அதைப் போட்டுக்கொண்டுதான் கப்பல் பட்டறைக்குப் போகிறார். நான்கு நாளாக மலையிலிருந்து புரா காற்று இறங்குகிறது. காயப்போட்ட துணி விறைத்துப் பலகையாகிவிடுகிறது.

செய்தி ஒன்று உண்டு. நம் கிர்குர் ஆயரின் சிலையை மறுபடி நிறுத்தப்போகிறார்கள். போரின்போது இத்தாலிக்காரர்கள் துண்டு துண்டாக இறக்கிப் போட்டதெல்லாம் பத்திரமாக இருக்கிறதாம். ஒட்டிச் சேர்த்து இந்த ஆண்டே நிறுத்திவிடுவார்கள் என்று பேச்சு.

நீ சொன்னதை நான் மறக்கவில்லை. நீயும் மறந்திருக்க மாட்டாய். சிலையை அவர்கள் இறக்கிய அன்று கோட்டைக்குள் நம் பெரிஸ்டில் முற்றம் முழுக்க ஆட்கள் நின்று அழுதார்கள். அப்பா மட்டும் சன்னலைத் திறந்து தலையை நீட்டி, "அப்பாடா, வெயில் வந்துடுச்சு" என்றார். பன்னிரண்டு வருடம் அந்த வெண்கல விரல் நம் சன்னலுக்கு நேரே நீண்டிருந்தது, குளிர்காலத்து வெயிலை மறைத்தது, எல்லாம் உண்மைதான். ஆனாலும் அந்த நாளில் அந்த வார்த்தை. நீ மேசையிலிருந்து எழுந்தாய். "கிர்குர் அவன் இடத்துக்குத் திரும்பி வர்ற வரைக்கும் உங்க மேசைல நான் உக்கார மாட்டேன்" என்றாய். அதன் பிறகு மலைக்குப் போய் விடுதலைப் படையில் சேரும்வரை, இதே வீட்டில், அடுப்படியில் நின்றுகொண்டே சாப்பிட்டாய். காயம்பட்டு எகிப்து முகாமுக்குப் போய், அங்கிருந்து நியூசிலாந்து மாமாவிடம் போய்விட்டாய். நம் ஊர் வீம்புக்குப் பெயர் போனது. நம் வீடு ஊருக்கே பெயர் வாங்கிக் கொடுக்கும்.

இப்போது அவன் வருகிறான். நீயும் ஒருமுறை வந்து போ. அதற்குமேல் நான் எழுதவில்லை.

அப்பாவிடம் செய்தியைச் சொன்னேன். ரொட்டியை வெட்டிக்கொண்டே இருந்தார்.

உன் அக்கா
பெரினா


ஹெண்டர்சன், நியூசிலாந்து
20 பிப்ரவரி 1954

அன்புள்ள அக்கா,

நாங்கள் சுகம். அத்தான் சுகமா? பிள்ளைகள் சுகமா? மேல்மாடி தோம்கா அம்மாளின் முழங்கால் எப்படி இருக்கிறது? பூனைக்குக் கண்ணில் புண் என்று எழுதியிருந்தாயே, ஆறிவிட்டதா?

இங்கே திராட்சை பழுக்கத் தொடங்கிவிட்டது. வின்காவுக்குச் சூலையில் பிரசவம். குனிந்து வேலை செய்யாதே என்றால் கேட்பதில்லை. அவளும் நம் கரையோரத்து வம்சம்தானே.

கிர்குர் செய்தியைக் கொடிக்காலில் நின்று படித்தேன். மறுபடி படித்தேன். விரல் உடையாமல் இருக்கிறதா? வலது கையில் உயர்த்தியிருப்பானே, அந்த விரலைத்தான் கேட்கிறேன். தாடியின் சுருள்களுக்குள் புறாக்கள் கூடு வைக்கும். பீடத்தில் ஏறி அவன் அங்கியின் மடிப்பில் ஒளிந்துகொள்வேன். என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு உன் தொண்டை வறண்டுபோகும்.

எங்கே நிறுத்தப்போகிறார்கள் என்று நீ எழுதவில்லை. 'அவன் இடம்' என்று சொன்னேன். அது பெரிஸ்டில். வேறு எதுவும் இல்லை. சொன்ன சொல் சொன்னதுதான்.

வீட்டில் அனைவரையும் கேட்டதாகச் சொல்.

யெர்கோ


ஸ்ப்ளிட்
28 மார்ச் 1954

அன்புத் தம்பி,

எல்லோரும் சுகம். பூனையின் கண் ஆறிவிட்டது. பூனை வரைக்கும் பெயர் சொல்லி விசாரித்தவன், விசாரிக்காமல் விட்ட அந்த ஒருவரும் சுகம்தான். காலையில் கொஞ்சம் இருமுகிறார்.

போன ஞாயிறு நடந்ததை எழுதுகிறேன். பூசை முடிந்து எல்லோரும் லூக்ஷாவின் காப்பிக்கடையில் இருந்தார்கள். நகரசபைப் பொறியாளரும் வந்திருந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:

"முற்றம் சின்னது, சிலை பெருசு. அந்தக் காலத்து அரசன் வெச்ச தூணெல்லாம் இவன் பக்கத்துல குச்சி மாதிரி தெரியுது. கோட்டைக்கு வெளிய, பொன்வாசல் பக்கம் மரங்க நடுவுல நிறுத்தினா அவனுக்கும் மூச்சு விட இடம் கிடைக்கும்."

லூக்ஷா அப்பாவின் முதுகில் தட்டினான். "ரோக்கோண்ணே, நீங்க அன்னிலேர்ந்து கத்தினது இதத்தான? கடைசில ஜெயிச்சிட்டீங்க. எல்லாருக்கும் ஆளுக்கொரு கிளாஸ் ஊத்தச் சொல்லுங்க."

அப்பா கோப்பையைக் கீழே வைத்தார். "எவன் சொன்னான் பெருசுன்னு?"

"நீங்கதான் சொன்னீங்க."

"நான் சொன்னா ஆச்சா? நான் என்ன சிற்பியா? மெஷ்ட்ரோவிச் அளவு தெரியாமலா செஞ்சாரு? அவன் எங்க நின்னானோ அங்கதான் நிக்கணும்."

லூக்ஷா அப்பாவின் நெற்றியில் கை வைத்து, "காய்ச்சல் இல்லியே" என்றான். அப்பா அவன் கையைத் தட்டிவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் தொப்பியைக்கூடக் கழற்றாமல் சன்னலோரம் போய் உட்கார்ந்தார். ஏன் இப்படிப் பேசினார் என்று எனக்குத் தெரியாது என்று எழுதிவைக்கிறேன்.

வின்கா கனமானதைத் தூக்காமல் பார்த்துக்கொள்.

பெரினா


ஹெண்டர்சன்
2 சூன் 1954

அன்புள்ள அக்கா,

பதில் தாமதம், மன்னித்துக்கொள். அறுவடை, பிறகு மது வடிப்பு. நாங்கள் சுகம். அத்தான், பிள்ளைகள், தோம்கா அம்மாள் எல்லோரும் சுகம்தானே?

நீ எழுதியது நடந்திருக்காது. லூக்ஷா கடையில் நீ இல்லை. யாரோ சொன்னதை நம்பி எழுதியிருக்கிறாய். அப்படியே நடந்திருந்தாலும் நான் சொல்கிறேன் கேள்: ஊர் வடக்கே போனால் அப்பா தெற்கே போவார். எல்லோரும் பெரிஸ்டில் என்றபோது வேண்டாம் என்றார். எல்லோரும் வேண்டாம் என்கிறபோது பெரிஸ்டில் என்கிறார். அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

இருமல் எத்தனை நாளாக?

யெர்கோ


ஸ்ப்ளிட்
4 சூலை 1954

அன்புத் தம்பி,

சுகம். இந்நேரம் வின்காவுக்குப் பிரசவம் ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன். தாயும் சேயும் நன்றாக இருக்கப் புனித துயேவுக்கு மெழுகுவத்தி ஏற்றினேன்.

உன் கடிதங்களைச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் உரக்கப் படிப்பது வழக்கம். அப்பா அப்போது மீன் முள்ளைத் தட்டின் ஓரத்தில் அடுக்கிக்கொண்டிருப்பார், கேட்காதது போல. இந்தக் கடிதத்தில் 'அப்பா' என்ற சொல் ஓர் இடத்தில் வந்தது. நீ இந்த ஊரை விட்டுப் போன பிறகு இதுதான் முதல்முறை. "அந்தப் பக்கத்தத் திரும்பப் படி, காது சரியாக் கேக்கல" என்றார். படித்தேன். தன்னைத் திட்டியதைத்தான் திரும்பக் கேட்டார். "தெக்கேயாம்" என்று சொல்லிவிட்டு முள்ளை அடுக்கினார்.

லூக்ஷா கடையில் நான் இல்லை என்றாய். நகரசபைக் கூட்டத்தில் இருந்தேன், என் காதால் கேட்டேன். அப்பா வீடுவீடாகப் போய்ப் பெரிஸ்டிலுக்கு ஆதரவாகக் கையெழுத்து வாங்கி வந்திருந்தார். அதற்கு முந்திய வாரமெல்லாம் என்ன செய்தார் தெரியுமா? மெயேயில் சிற்பியின் மாளிகையை இப்போது காட்சிக்கூடம் ஆக்கியிருக்கிறார்கள் அல்லவா, அங்கே போய் ஒவ்வொரு சிலையாகச் சுற்றிச் சுற்றிப் பார்த்திருக்கிறார். பழச்சதுக்கத்தில் அதே சிற்பி செய்த கவிஞர் மாருலிச் சிலைக்கு எதிரே தினமும் உட்கார்ந்திருக்கிறார். கீரை விற்பவள் கூட "ரோக்கோ மாமாவுக்கு வயசான காலத்துல சிலைக் கிறுக்குப் பிடிச்சிருச்சு" என்று சிரிக்கிறாள்.

கூட்டத்தில் எழுந்து சொன்னார்: "மாருலிச்சப் பாருங்க. பொஸ்தகத்த வெச்சிக்கிட்டு சதுக்கத்துக்கு அளவா நிக்கறாரு. யாருக்கு எந்த எடம்னு செஞ்சவருக்குத் தெரியும். கிர்குர மரத்துக்கு நடுவுல விட்டா தோட்டக்காரன்னு நெனச்சிருவாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். பொறியாளர் விடவில்லை. "ஐயா, சிலை வந்த புதுசுல வெயில் வரலேன்னு இதே சபைக்குப் புகார் மேல புகார் கொடுத்தது நீங்கதான?"

அப்பா தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார். "அன்னிக்கு வீட்ல ஆள் இருந்தாங்க, வெயில் இல்ல. இப்ப வெயில் இருக்கு."

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் மத்தி மீன் வாங்கினோம். இந்த ஆண்டு மத்தி நல்ல கொழுப்பு.

பெரினா


ஸ்ப்ளிட்
26 செப்டம்பர் 1954

அன்புத் தம்பி,

உன்னிடமிருந்து கடிதமே இல்லை. குழந்தை பிறந்ததா, என்ன குழந்தை, வின்கா எப்படி இருக்கிறாள், ஒன்றும் தெரியாமல் இருக்கிறோம். ஒரு வரி போதும்.

கிர்குர் விஷயம் முடிந்துவிட்டது. பொன்வாசலுக்கு வெளியேதான். அப்பாவின் பக்கம் கை தூக்கியவர்கள் கொஞ்சம் பேர். வேலை மளமளவென்று நடக்கிறது, துண்டுகள் வந்துவிட்டன. விரல் முழுசாக இருக்கிறது, நானே போய்ப் பார்த்தேன்.

அப்பா பார்க்கப் போகவில்லை. சன்னலையும் திறப்பதில்லை. வெயில் நன்றாகத்தான் அடிக்கிறது, ஆனால் கதவைச் சாத்தியே வைத்திருக்கிறார். நேற்றுத் தபால்காரர் படியேறும் சத்தம் கேட்டு நடைக்கு வந்தார். "கடுதாசியா?" என்றார். இல்லை என்றேன். "மின்சாரக் கட்டணமான்னு கேட்டேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

'அவன் இடம்' என்று நீ சொன்னாய். அவன் அங்கே நிற்கப் போவதில்லை. உன் சொல்லை வைத்துப் பார்த்தால் நீ இனி வர வேண்டியதே இல்லை. அதைத்தான் நான் அப்பாவிடம் சொல்ல வேண்டுமா? நீயே எழுது.

பெரினா


ஹெண்டர்சன்
25 அக்டோபர் 1954

மதிப்புக்குரிய அண்ணி பெரினாவுக்கு,

நான் வின்கா. நான் இங்கேயே பிறந்தவள். என் எழுத்தில் பிழை இருந்தால் சிரிக்காதீர்கள். முதலில் உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம், மாமாவுக்குத் தனியாக. சூலை ஒன்பதாம் தேதி மகள் பிறந்தாள். மறைந்த உங்கள் அம்மாவின் பெயரையே வைத்தோம், மாரே. நானும் அவளும் சுகம்.

இதை உங்கள் தம்பிதான் எழுதியிருக்க வேண்டும். நகரசபைக் கூட்டத்தைப் பற்றி நீங்கள் எழுதிய கடிதம் வந்த நாளிலிருந்து எழுத உட்காருகிறார், எழுதுகிறார், கிழித்து அடுப்பில் போடுகிறார். "என்னங்க எழுதறீங்க?" என்று கேட்டால், "வெயிலப் பத்தி" என்கிறார். "வெயிலப் பத்தி எழுத இவ்வளவு தாளா?" என்றால் தோட்டத்துக்குப் போய்விடுகிறார்.

உங்களை ஒன்று கேட்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து இவர் பாதி நாள் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேதான் சாப்பிடுகிறார். உட்காருங்கள் என்றால் "பழக்கம்" என்கிறார். எங்கே இருந்து வந்த பழக்கம் என்று இதுவரை சொன்னதில்லை. உங்கள் பழைய கடிதங்களை இப்போதுதான் எடுத்துப் படித்தேன். கோபித்துக்கொள்ளாதீர்கள் அண்ணி, இந்த வீம்பு உங்கள் குடும்பச் சொத்தா? என் மகளுக்கும் பங்கு வருமா?

நேற்று அவரிடம் நேராகவே கேட்டேன். "அவரு உங்களுக்காக ஊரோட சண்ட போட்டுத் தோத்துட்டாரு. நீங்க இங்க நின்னுகிட்டே தின்னு யாரத் தோக்கடிக்கப் போறீங்க?" வழக்கம்போலத் தோட்டத்துக்குப் போய்விட்டார். ஆனால் இன்று காலை எழுதியதைக் கிழிக்கவில்லை. மேசையில் இருக்கிறது. இத்துடன் சேர்த்து அனுப்புகிறேன்.

உங்கள்
வின்கா


ஹெண்டர்சன்
25 அக்டோபர் 1954

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் நலமா? இருமல் எப்படி இருக்கிறது? குளிர் காலத்தில் காலையில் மீன் சந்தைக்குப் போகாதீர்கள், ஷிமே அத்தானை அனுப்புங்கள்.

பொன்வாசலுக்கு வெளியே நிறுத்துகிறார்கள் என்று அக்கா எழுதினாள். யோசித்துப் பார்த்தேன். நீங்கள் முதலில் சொன்னதுதான் சரி. எட்டு மீட்டருக்கு மேல் உயரமான ஒருவன், நாலு பக்கமும் தூணும் சன்னலுமாக இருக்கிற முற்றத்தில் எப்படி நிற்பான்? கையைத் தூக்கினால் யார் வீட்டுக்குள்ளாவது போகும். நம் வீட்டுக்குள் போனது. அம்மா அந்தச் சன்னலோரம் உட்கார்ந்து, வெளிச்சம் போதாமல் ஊசியில் நூல் கோக்கக் கஷ்டப்பட்டதை நான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அது என் நினைவுக்கு வரவில்லை.

வெளியே அவனுக்கு நன்றாக இருக்கும். ஊருக்குள் வருகிறவனை முதலில் அவன்தான் பார்ப்பான். வாசலுக்கு வெளியே நிற்பவனும் அந்த வீட்டுக்காரன்தான். அதை இங்கே நானாகத் தெரிந்துகொண்டேன்.

ஆகவே என் கணக்கில் கிர்குர் அவன் இடத்துக்கு வந்துவிட்டான்.

குழந்தைக்கு அம்மாவின் பெயர். உங்கள் மூக்கு.

உங்கள் மகன்
யெர்கோ


ஸ்ப்ளிட்
28 நவம்பர் 1954

யெர்கோவுக்கு,

சுகம். இருமல் இல்லை, பெரினா பெரிதாக்கி எழுதியிருப்பாள்.

நீ எழுதியது தப்பு. போய்ப் பார்த்தேன். அங்கே மரம் அவன் தோளை மறைக்கிறது, புரா காற்று நேரே முகத்தில் அடிக்கிறது, பக்கத்தில் நின்றால் பேச்சுச் சத்தம் கேட்காது. பெரிஸ்டிலில் அவன் விரல் ஓர் அர்த்தத்தோடு இருந்தது. இங்கே யாரோ வண்டிக்குக் கை காட்டுவது போல இருக்கிறது. பூமியின் அடியில் உட்கார்ந்துகொண்டு உனக்கு என்ன தெரியும்? வந்து பார்த்துவிட்டுப் பேசு.

மே மாதம் புனித துயே திருநாளுக்குப் பட்டாணி போட்டு ஆட்டுக்கறி சமைக்க வேண்டும். எத்தனை பேருக்கு என்று பெரினா கேட்கிறாள். இப்போதே சொன்னால்தான் ஆட்டுக்குச் சொல்லிவைக்க முடியும்.

ரோக்கோ

மூக்கு என்னுடையதானால் பாவம் பிள்ளை.


ஸ்ப்ளிட்
8 மே 1955

அன்புள்ள வின்கா,

நீயும் மாரேயும் சுகம்தானே? தனியாகக் கொடிக்காலையும் பிள்ளையையும் பார்த்துக்கொள்வது எளிதல்ல. உன் அம்மா வந்து துணைக்கு இருப்பதாக யெர்கோ சொன்னான், நிம்மதி. அடுத்த முறை மூவரும் சேர்ந்துதான் வர வேண்டும்.

அவன் தானாக எழுத மாட்டான், அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை ரியேக்காவிலிருந்து கப்பல் வந்தது. மதியம்தான் வரும் என்று தெரிந்தும் அப்பா காலையிலேயே துறைமுகத்துக்குப் போய்விட்டார். கேட்டதற்கு, "மீன் என்ன வெலன்னு பாக்க வந்தேன்" என்றார். மீன் சந்தை துறைமுகத்தில் இல்லை.

யெர்கோ பெட்டியோடு இறங்கினான். எனக்குத்தான் அழுகை வந்தது.

"கருத்துப் போயிட்டடா" என்றார் அப்பா.

"நீங்க குள்ளமாயிட்டீங்க" என்றான் அவன்.

அப்பா அவன் கையிலிருந்த பெட்டியைப் பிடுங்கிக்கொண்டார். "வா. உன் தப்பக் காட்டறேன்."

வீட்டுக்குக்கூட வரவில்லை. நேரே பொன்வாசல். நான் பின்னாலேயே ஓடினேன். யெர்கோ கிர்குரைப் பார்த்ததும் நின்றுவிட்டான். நீண்ட நேரம் அண்ணாந்து பார்த்தான். பிறகு கிட்டே போய்ச் சிலையின் இடது கால் பெருவிரலைத் தொட்டான். அதைத் தொட்டால் இந்த ஊருக்குத் திரும்பி வருவோம் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள்.

"வந்துட்டவன் எதுக்குத் தொடணும்? வழிய விடு, மத்தவங்க தொடட்டும்" என்றார் அப்பா.

"நல்லாத்தான் நிக்கறான்."

"எங்க நல்லா நிக்கறான்? கழுத்து வலிக்குது பாத்தா."

"பெரிஸ்டில்ல பாத்தா மட்டும் வலிக்காதா? அங்க தலையத் தூக்கினா தாடியோட அடிதான் தெரியும்."

"நம்ம சன்னல்லேர்ந்து முகத்துக்கு நேரா தெரியும்."

"அந்தச் சன்னல்லேர்ந்துதான தினம் அவனத் திட்டினீங்க?"

"திட்டினேன். தினம் பாத்தேனா இல்லியா?"

அங்கே இருந்த பயணிகள் ஏதோ அடிதடி என்று விலகிப் போனார்கள். கோட்டைக்குள் நுழைந்தும் ஓயவில்லை. பெரிஸ்டில் முற்றத்துக்கு வந்ததும் அப்பா பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, கிர்குர் நின்ற இடத்தில் தானே போய் நின்று கையை உயர்த்திக் காட்டினார். லூக்ஷா கடையிலிருந்து எட்டிப் பார்த்து, "ரோக்கோண்ணே, அளவு கொஞ்சம் கொறையுது" என்று கத்தினான். யெர்கோ சிரித்தான். சிரித்துக்கொண்டே, "பாருங்க, இந்த அளவுதான் இங்க சரி" என்றான். அதற்கும் அப்பா சண்டை போட்டார்.

படியேறும்போதும் பேச்சு. நான் அடுப்படிக்கு ஓடி மீன் குழம்பை இறக்கினேன். அவன் எங்கே நிற்பானோ, அடுப்படிக்கு வந்துவிடுவானோ என்று பயம். ஏதாவது சொல்லவும் பயம். சொன்னால் இரண்டு பேருக்கும் அந்தப் பழைய நாள் நினைவுக்கு வந்துவிடும்.

சட்டியோடு திரும்பி வந்தபோது, அப்பா அவர் நாற்காலியில் இருந்தார். யெர்கோ எதிரே அவனுடையதில் இருந்தான். உப்புச் சாடியைப் பெரிஸ்டிலாகவும் ரொட்டியைப் பொன்வாசலாகவும் வைத்து, கரண்டியை அங்கும் இங்கும் நகர்த்திக்கொண்டிருந்தார்கள். சண்டை மும்முரத்தில், எங்கே வந்து உட்கார்ந்தோம் என்று இருவருமே பார்க்கவில்லை.

நான் மெல்லத் தட்டை வைத்தேன்.

நேற்றுத் திருநாள், ஆட்டுக்கறி ஒரு துண்டு மிச்சமில்லை. இன்று ஞாயிறு. இன்னும் முடியவில்லை. அப்பா நலம். யெர்கோ நலம். இருவருக்கும் தொண்டை மட்டும் கட்டியிருக்கிறது.

மாரேயின் மூக்கில் என் முத்தம்.

உன் அண்ணி
பெரினா